கோயிலுக்கு ஜெஸ்பின் பின்னிய ஒயர்

ஜெஸ்பினுக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருடமாக நாகர்கோவிலில் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுக்கிறாள். ஏணியும் கையுமாகப் போய் நின்றால், "ஆளு எப்ப வரும்?" என்று அவளிடமே கேட்பார்கள். "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவாள். அதற்கெல்லாம் கோபப்பட அவளுக்கு நேரமிருந்ததில்லை. கோபம் வந்தது நெய்யூருக்குப் பக்கத்தில் அவளுடைய சொந்தச் சபையில்தான்.

போன வருடம் சபைக் கோயிலில் ஸ்பீக்கர் ஒயர்களை எலி கடித்துப்போட்டது. முதல் விளைச்சலைக் காணிக்கையாக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேலையில் மிஞ்சிய நீளக் கேபிள்களை ஜெஸ்பின் சூப்பர்வைசரிடம் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு எடுத்து வந்தாள். ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பி, எல்லாம் சுத்தச் செம்பு. மூன்று கேபிளைச் சடைபோல் பின்னி, முனையில் முழுக்கலர் கம்பிகளை ஒன்றாகவும் வெள்ளை கலந்தவற்றை ஒன்றாகவும் முறுக்கினாள். ஒரு கட்டு பிளஸ், மற்றது மைனஸ். விரல் நுனியெல்லாம் கீறிப்போயிற்று. பண்டிகையன்று கடைசி பெஞ்சுவரை பாட்டு தெளிவாகக் கேட்டது.

இந்த வருடம் ஞானதாசன் சார் புதிய செக்ரட்டரியாக வந்தார். கடையிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் வாங்கி மாட்டினார். பின்னிய ஒயர் விளக்குமாறு வைக்கும் மூலையில் கிடந்தது. ஏன் கழற்றினீர்கள் என்று ஜெஸ்பின் கேட்டதற்கு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக்கிலேயே பதில் வந்தது: "இன்டர்நெட் ஒயர்ல கர்த்தருக்க பாட்டு வேண்டாம். கம்பெனி சாதனம் எப்படி வெளிய வந்துதுன்னும் நமக்குத் தெரியாது."

கள்ளி என்ற சொல்லை மட்டும்தான் அவர் விட்டுவைத்தார். ஜெஸ்பினுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசர் தந்த சீட்டைத் தேடி எடுத்தாள்.

"சீட்டக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேனே" என்று கணவன் ஷாஜனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"விடு ஜெஸ்பின், கோயில் காரியம்."

"கோயில் காரியம்னா விடவே கூடாது."

அடுத்த ஞாயிறு பிரசங்கம் கடைசி பெஞ்சுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஆராதனை முடிந்ததும் ஜெஸ்பின் நேராக ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய், சிவப்பு ஒயரின் நுனியை பிளேடால் சுரண்டினாள். செம்பு நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"அலுமினியம் சாரே. மேல செம்புப் பூச்சு. தடிப்பு முழுக்க பிளாஸ்டிக்."

ஞானதாசன் சார் குனிந்து பார்த்தார். "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். சரி மக்கா, பழசையே மாட்டிரு."

"மாட்டுதேன். முதல்ல என்னப் பத்தி மைக்ல சொன்னத மைக்லயே மாத்திச் சொல்லுங்க." சீட்டை அவர் கையில் வைத்தாள்.

மறு வாரம் அவர் அறிவிப்புகளோடு அறிவிப்பாக, பேப்பரிலிருந்து தலை நிமிராமல் எதையோ வாசித்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஜெஸ்பின் எழுந்து நின்றாள்.

"கேக்கல்ல சாரே. இன்னொருக்கா சொல்லுங்க."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த தேவகனி அக்கா, "எனக்கும் கேக்கல்ல" என்றாள். சார் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு உரக்கச் சொன்னார்: "ஜெஸ்பின் தந்த ஒயர் முறைப்படி வாங்கினது. நான் பேசினது தப்பு."

திங்கள் மாலை அவள் ஏணியோடு வந்து ஒயரைத் திரும்ப மாட்டினாள். சார் டீ வாங்கிக் கொடுத்தார். "மனசுல வச்சுக்கிடாத மக்கா."

"வச்சிருக்கேன் சாரே. மாற கொஞ்சநாள் ஆவும்" என்றாள். டீயைக் குடித்துவிட்டு அடுத்த ஸ்பீக்கருக்கு ஏணியை நகர்த்தினாள்.