கிரகணத்தன்று வெட்டிய மீன்

மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் மீன் வெட்டுவது அன்பரசியின் வேலை. கிரகணத்தன்று லீவு கேட்டால் வேலையே போய்விடும். அதனால் ஏழு மாத வயிற்றோடு அன்றும் வெட்டினாள்.

பிறந்த பெண் குழந்தைக்கு ஓயாமல் வலிப்பு வந்தது. ஒரு வயதாகியும் தலை நிற்கவில்லை.

"கிரகணத்துல கத்தி புடிச்சா, அதான் புள்ள இப்பிடி கீது" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். வானத்தில் ஒரு நிழல் விழுந்ததற்கு ஒரு பெண் தண்டனை அனுபவிக்க வேண்டுமாம்! கணவன் ஹேமந்த் குழந்தையைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

அன்பரசி சண்டை போட்டுத்தான் அவனைச் செங்கல்பட்டு டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"மூளையோட நரம்பணுக்கள் உள்ளாழத்துல, நீர் இருக்கிற அறையோட ஓரத்துல பிறக்குது. அங்கேருந்து மேல ஏறி வந்து அடுக்கடுக்கா நிக்கணும். இவளுக்குப் பாதி வழியிலேயே நின்னுடுச்சு. அதான் மூளை மடிப்பே இல்லாம வழுவழுன்னு இருக்கு. மூணு, நாலாம் மாசத்துலயே நடந்தது இது. ஜீன்ல தானா வர்ற கோளாறு. அம்மா செஞ்ச எதுவும் காரணமில்ல."

அன்பரசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "கேட்டியா? கிரகணம் வந்தது ஏழாம் மாசம்யா!"

பஸ் ஸ்டாண்டில் ஹேமந்த் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினான். பிறகு கேட்டான்: "சரி, மூணாம் மாசத்துல இன்னா பண்ண நீ?"

பஸ்ஸில், மடியில் குழந்தை துவண்டு கிடக்க, அந்த மாதம் எதைத் தின்றோம், எங்கே போனோம் என்று அவளே தேட ஆரம்பித்திருந்தாள்.