ரப்பர் பேண்டும் எழுபத்தேழாம் நாளும்

பர்மாவின் பத்தேன் ஊர்ச் சந்தையில் டோ சேன் யின்னின் வாய்க்கு இரண்டு வேலை. திட்டுவது ஒன்று, நாப்பியை ருசி பார்ப்பது இன்னொன்று. மீனையும் உப்பையும் இடித்துப் புளிக்கவைத்த அந்தச் சாந்தில் ஆள்காட்டி விரலை விட்டு, நாக்கில் தடவி, "புதுசு, பாரு" என்பாள். முப்பது வருஷமாக அந்த விரல் அவளைக் கேட்காமலே போய் வந்துகொண்டிருந்தது.

எதிர்க்கடையும் நாப்பிக்கடைதான். அது தங்கை டோ நு யின்னுடையது. மூன்று வருஷம் முன்பு ஒரு அன்னதானப் பந்தியில், பிக்குகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அக்கா கடை நாப்பி போன வருஷத்துச் சரக்கு" என்று நு யின் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் இருந்தது நாலு முழம் சந்து. இரண்டு பேரும் தினம் ஒருத்தியை ஒருத்தி பார்த்தபடி, பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

சேன் யின்னுக்குத் தங்கை வேண்டும். ஆனால் தங்கைதான் முதலில் பேச வேண்டும். தான் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"கோ நவின் தியானம் உக்காந்து பாரேன்" என்றார் பக்கத்துக்கடை வெங்காய வியாபாரி ஊ பா ஷ்வின். புத்தரின் ஒன்பது குணங்களை, தினம் ஒன்றாக, மணிமாலை உருட்டி மனசுக்குள் சொல்ல வேண்டும். ஒன்பது ஒன்பதாக எண்பத்தோரு நாள் முடித்தால் வேண்டியது கிடைக்கும். திங்கட்கிழமை ஆரம்பம். தினம் அதே நேரம். ஒவ்வொரு ஒன்பதிலும் ஐந்தாம் நாள் சைவம். ஒன்று தவறினாலும் மறுபடி முதல் நாள்.

"நீங்க நாலு தடவை முடிச்சீங்களே, லாட்டரி விழுந்துச்சா?"

"இல்ல. ஆனா நல்லாத் தூங்கினேன்."

விடியற்காலை நாலரைக்கு சேன் யின் பாயில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் மணியில் இறால் படகு நினைப்பு வந்தது. முப்பதாம் மணியில் தங்கை மூஞ்சி. நாற்பதில் வலது கால் செத்தது. ஐம்பதில், எண்ணியது ஐம்பதா அறுபதா என்பதே மறந்தது. மாலையைப் பிடித்துத் திட்டினாள். பாவம், மாலை என்ன செய்யும்?

"மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குதே" என்று ஊ பா ஷ்வினிடம் போய் நின்றாள்.

"வெங்காயம் உரிச்சா கண்ணு எரியும். அதுக்கு வெங்காயத்தைத் திட்டுவியா? தொடச்சிக்கிட்டு அடுத்ததை எடும்மா."

முதல் தடவை மூன்றாம் நாளே தூங்கிப்போனாள். இரண்டாம் தடவை பதினாலாம் நாள். சைவ நாளென்று தெரிந்தும், வீதியில் மொகிங்கா நூடுல்ஸ் வாசனை வந்ததும் கால் போனது, கை கிண்ணத்தை வாங்கியது. மீன் குழம்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான் தலைக்குத் தகவல் வந்தது.

மூன்றாம் தடவை ஒரு தந்திரம் செய்தாள். சைவ நாளன்று ஆள்காட்டி விரலில் சிவப்பு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டாள். விரல் நாப்பிப் பக்கம் போனால் ரப்பர் கண்ணில் படும். நாள் ஓடியது. தங்கை மூஞ்சி முப்பதாம் மணியில் இன்னும் வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த மணியை எடுத்தாள். நாற்பதாம் நாள் வாக்கில் சந்தையே கலங்கியது.

"அந்தம்மா நேத்து விலை பேசினப்ப என்னைத் திட்டவே இல்ல. உடம்புக்கு முடியலையா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"தியானம்" என்றார் ஊ பா ஷ்வின்.

"அய்யோ பாவம்."

எழுபத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சைவ நாள். கூட்டம் நெரிந்தது. பொட்டலம் கட்டும் ரப்பர் தீர்ந்துபோனது. கையை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு அவசரக்காரிக்கு, விரலில் இருந்ததையே கழற்றிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அடுத்த ஆள் முகத்தைச் சுளித்தான்.

"இது புதுசுதானா?"

விரல் போனது. நாக்குக்கு வந்தது.

"அக்கா, துப்பு. இன்னிக்கு எழுபத்தேழு."

எதிர்க்கடையில் நு யின் எழுந்து நின்றிருந்தாள். இடுப்பில் கட்டிய தமைன் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர்க் குவளையோடு சந்து தாண்டி வந்தாள். சேன் யின் தண்ணீரை வாங்கவில்லை.

"விழுங்கிட்டேன்."

"எவ்ளோ?"

"நகக்கண்ணு அளவு."

"நகக்கண்ணெல்லாம் சேர்த்தியில்ல" என்றார் ஊ பா ஷ்வின். "யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்ல" என்றாள் நு யின். பிறகுதான், தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கெப்படித் தெரியும் எழுபத்தேழுன்னு?"

"எதிர்லதானே குந்தியிருக்கேன். நீ ரப்பர் சுத்தினா சைவ நாள். எண்ணத் தெரியாதா எனக்கு? போன தடவை மொகிங்கா தின்னதும் தெரியும். ஏங்க்கா, இவ்ளோ கஷ்டப்பட்டு என்ன வேண்டிக்கிட்ட?"

சேன் யின் நாப்பித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முதல்ல பேசணும்னு."

நு யின் குவளைத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தாள்.

"அப்ப கிடைச்சிடுச்சே. இனி எதுக்கு உக்காரணும்?"

"தவறிட்டேனே. நாளைக்குத் திங்கக்கிழமை. மறுபடி ஒண்ணுலேர்ந்து." பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "இப்பல்லாம் உக்காரலேன்னா அன்னிக்கு முழுக்க என்னமோ மாதிரி இருக்குடி."

"நாலரைக்கா?"

"நாலரைக்கு."

"கதவைத் தாள் போடாத."

மறுநாள் நாலரைக்கு நு யின் வந்தாள். மாலையை உருட்ட ஆரம்பித்தாள். நாற்பதாம் மணியில் குறட்டை விட்டாள். பழைய சேன் யின்னாக இருந்தால் பாயோடு சேர்த்து உருட்டியிருப்பாள். இவளோ ஒரு முழங்கையால் மெல்ல இடித்துவிட்டு அடுத்த மணிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சைவ நாள். கடை திறந்ததும் நு யின் சந்து தாண்டி வந்து அக்காவின் விரலைப் பிடித்தாள். ஒன்றுக்கு மூன்றாக ரப்பர் சுற்றினாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும். உன் நாப்பி போன வருஷத்துச் சரக்கு, தின்னா வயிறும் வலிக்கும்."

சேன் யின் வாயைத் திறந்தாள். மூடினாள். துடைத்துக்கொண்டு அடுத்த ரப்பரை எடுத்தாள்.

"உன் கையை நீட்டு. உனக்கும் இன்னிக்கு சைவம்."