நான் சொருகிய ஃப்யூஸ் கட்டை

செம்பு கருகினால் ஒரு வாடை வரும். நாக்கின் அடியில் நாணயம் ஒன்றை ஒளித்து வைத்தது போல இருக்கும். போன வாரம் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ வெடித்து அந்த வாடை ஜன்னல் வழியே வந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் முதலில் கையைத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் எனக்குச் சூளை மேற்பார்வை. கரண்டு கம்பத்துக்கு வேண்டிய பீங்கான் சாமான்களைத்தான் சுட்டோம், ஃப்யூஸ் கட்டைகூட. கரண்டு போனால் சூளைக்குக் காற்று ஊதும் விசிறி நின்றுவிடும். சூடு இறங்கும், உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். அதனால் கரண்டு ஆபீஸுக்குப் போன் மேல் போன் போடுவேன். எங்கள் பகுதி லைன்மேன் சைக்கிளில் வருவார், வந்ததும் திட்டுவார். “பீங்கான் கம்பெனி வூட்டு மாப்பிள்ளையா நானு? கூப்புட்ட கொரலுக்கு ஓடியாரணுமா?” திட்டிக்கொண்டே கம்பத்தில் ஏறிவிடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம். லைனில் கரண்டு வராமலிருக்க டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி, நம்பகமான ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். “நானே நேர்ல வந்து கேட்டாதான் குடுக்கணும் சார். என் பொண்டாட்டியே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க” என்பார்.

அன்று தூறல். சூளை நிறையச் சரக்கு. கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஏறிய கம்பம் பக்கத்துக் கம்பெனியின் களிமண் குவியலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலாளி வாசலுக்கு வந்தார், மணி பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அந்தப் பேசாமைதான் என்னைத் துரத்தியது. டீக்கடை ஓரம் காக்கிச் சட்டை ஒன்று முதுகைக் காட்டி நின்றது. இறங்கிவிட்டார், டீ குடிக்கிறார், கட்டையைக் கேட்க மறந்துவிட்டார் என்று என் அவசரம் எனக்கே கதை சொன்னது. போய் முகத்தைப் பார்க்க இருபது அடிதான். நான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நடந்தேன். முதல் கட்டையைச் சொருகினேன்.

வெளிச்சம். பிறகுதான் சத்தம். கைகளில் இருந்ததெல்லாம் தெறித்துப்போய்ச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாடை. காக்கிச் சட்டை திரும்பிப் பார்த்தது. ஆட்டோ டிரைவர்.

ஓடினேனா, தவழ்ந்தேனா, தெரியாது. குவியலைச் சுற்றிப் போனபோது கம்பத்தின் மேல், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி லைன்மேன் அசையாமல் இருந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு கால் மெல்லக் கீழே பிடிமானம் தேடியது.

மேலே கம்பிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, அதன் நுனியை மண்ணில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் வேலை செய்வார். நான் விட்ட கரண்டு அவரைத் தொடாமல் அந்தச் சங்கிலியில் இறங்கி, ஃப்யூஸை எரித்திருக்கிறது. அந்தச் சங்கிலி எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“எறங்கிட்டேன்னு யாரு சொன்னது?” தரையில் கால் வைத்ததும் கேட்டார்.

“யாரும் சொல்லலண்ணே. நானாதான்...”

அவர் திட்டவில்லை. டீக்கடைக்காரர் கொடுத்த தண்ணீரில் பாதி அவர் சட்டையிலேயே சிந்தியது. சேற்றில் கிடந்த மூன்று கட்டைகளையும் அவரே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி அதே கம்பத்தில் ஏறினார். வேலையை முடித்து இறங்கி, எரிந்த கட்டைக்குப் புதுக் கம்பி கட்டி, மூன்றையும் தானே சொருகினார். விசிறி ஓடத் தொடங்கியது. சரக்கில் பாதி தேறியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்றார். “அண்ணே” என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“கரண்டு போச்சுன்னா போன் பண்ணுங்க சார், வரேன். நான் கம்பத்துல இருக்கறப்ப மட்டும் நீங்க வெளிய வராதீங்க.”