அமுலு என்னிடம் சொன்னாள்

தன் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு தாய் என்னிடம் வந்து சொன்னாள். அவளை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தவள் நான். பிறகு, அப்படி அவள் என்னிடம் சொல்லவே இல்லை என்று அவளையே நம்பவும் வைத்தேன்!

நான் செய்தது இதுதான். இதை முதலிலேயே போட்டு உடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் மனம் இளகிவிடக் கூடாது. மனங்களை இளகவைப்பதில் நான் கெட்டிக்காரி. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கும் புதுவாயலுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆலோசகர். ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. அநேகமாக எல்லோருமே கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். 'ஆலோசகர்' என்ற சொல் அவர்கள் வாயில் நுழையாததால் என்னைப் 'பேசற மிஸ்' என்பார்கள். கணக்கு மிஸ், தமிழ் மிஸ், பேசற மிஸ்! பாடம் நடத்தாமல் சும்மா பேசிக்கொண்டிருக்க ஒரு மிஸ் எதற்கு என்று சில பெற்றோர் தலைமையாசிரியையிடம் கேட்டதும் உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி... ஆமாம், வெறிதான். வேறு நல்ல சொல்லைப் போட்டு அதை மூடப்போவதில்லை.

வேலைக்கு வந்த புதிதில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரவு ஷிப்டு பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஏன்? அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருப்பது ஒரே அறை. காலையில் வேலை முடிந்து வந்த அப்பா சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில்தான் தூங்குவார். அவர் தூக்கம் கெட்டால் அன்று இரவு கம்பெனியில் உலைக்கு முன்னால் நிற்கும்போது கண் செருகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அந்த வீடுகளில் பாதிப் பேச்சு சைகைதான். சாப்பிட வா என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோவார்கள். வெளியே போய் விளையாடு என்றால் கதவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. வீட்டில் பழகிய மௌனத்தைப் பிள்ளைகள் பள்ளிக்கும் எடுத்துவந்துவிடுகிறார்கள் என்பது என் முடிவு.

'ஷிப்டு வீட்டுப் பிள்ளைகள்' என்று அவர்களுக்கு நானே பெயரும் வைத்தேன். ஆசிரியர் கூட்டத்தில் அதைப்பற்றிப் பேசினேன். கை தட்டினார்கள். "இத்தினி வருஷமா இந்தப் பசங்கள மக்குன்னு திட்டிக்கினு இருந்தோம். நீங்க வந்து சொல்ல வேண்டியதா போச்சு" என்றார் தலைமையாசிரியை. அந்தப் பாராட்டை எத்தனை நாள் மனசுக்குள் அசைபோட்டேன்! என் கண்டுபிடிப்பு பொய்யும் அல்ல. பல பிள்ளைகள் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது.

தர்ஷினி இரண்டாம் வகுப்பில் படித்தபோது அவளை என்னிடம் அனுப்பினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை, கேள்வி கேட்டால் விழிக்கிறாள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்பது வகுப்பாசிரியையின் புகார். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்டு. அவ்வளவுதான்... நான் முடிவு கட்டிவிட்டேன்.

என் அறையில் அவள் நன்றாகப் பேசினாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், சிரித்தாள்! குழந்தையோடு எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. அதன் உயரத்துக்கு இறங்கி உட்கார வேண்டும். முகத்துக்கு நேரே முகம் இருக்க வேண்டும். நிறுத்தி, நிதானமாகப் பேச வேண்டும். வெளிச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்த வேண்டும். எல்லாவற்றையும் அட்சர சுத்தமாகச் செய்தேன். காது மந்தமான ஒரு பிள்ளை தடுமாறாமல் பேச என்னவெல்லாம் வேண்டுமோ, அத்தனையும் செய்துகொடுத்துவிட்டு, இவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நம்பினேன்!

என் முகத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவே மாட்டாள். என்மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் உதடுகளை. எனக்கு அது தெரியவில்லை... தெரியாமல் போனதை நீங்கள் மன்னிக்கலாம். ஆனால் தெரிந்த ஒருத்தி வந்து சொன்னாளே, அதற்கு என்ன செய்வீர்கள்?

அமுலு வந்தாள். தர்ஷினியின் அம்மா. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்டு முடிந்து சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்குக் காதுல இன்னாவோ கீது மிஸ். கொழாயாண்ட நின்னுகினு இருந்திச்சி. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான்... இது திரும்பவே இல்ல. நாந்தான் ஓடிப்போயி இஸ்துக்கினு வந்தேன். தலகாணில வேற கறை கறையா கீது. ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது."

இதைவிடத் தெளிவாக ஒரு தாய் என்ன சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்!

நான் சிரித்தேன். தூக்கத்தில் பிள்ளைகள் எச்சில் வடிப்பது சகஜம் என்றேன். தர்ஷினியை என் முன்னால் நிறுத்தி, "காலையில என்ன சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டேன். அவள் என் வாயைப் பார்த்தபடி, "பூரி மிஸ்" என்றாள். பார்த்தீர்களா என்பதுபோல அமுலுவின் பக்கம் திரும்பினேன். அவள் முகம் சின்னதாகிப்போனது.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போக லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதையும் சொன்னாள். "வேண்டாம்மா. இது காது சம்பந்தப்பட்டது இல்ல, மனசு சம்பந்தப்பட்டது. ஆஸ்பத்திரி, மெஷின்னு கொண்டுபோனா பிள்ளை இன்னும் மிரண்டுடும். செவிடுன்னு ஒரு பேர் வந்துட்டா அப்புறம் லேசுல போகாது. கொஞ்ச நாள் என்கிட்ட விடுங்க" என்றேன். என் குரல் எவ்வளவு கனிவாக இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அமுலு தலையாட்டிவிட்டுப் போனாள். லீவை ரத்து செய்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

ஏன் அவளை நம்பவில்லை? இந்தக் கேள்வியை எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். என் கண்டுபிடிப்பின் மேல் இருந்த கர்வம்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான்.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டில் பிறந்தவள். அமுலுவைப் போன்றவர்களின் குடும்பங்கள் ஒரு தலைமுறை முன்புவரை அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவை. மடை உடைந்திருக்கிறது என்று வேலையாள் யாராவது வந்து சொன்னால், "எல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் வேலையப் பாரு" என்பார் என் அப்பா. அவர் அதட்டிச் சொன்னதை நான் 'அம்மா' போட்டு, மென்மையாகச் சொன்னேன். வேறு வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. படித்தவள் நான், உனக்கென்ன தெரியும் என்ற நினைப்பு உள்ளே இருந்தது. வெட்கமாக இருக்கிறது... ஆனால் இருந்தது!

ஒரு வருடத்துக்கு மேல் தர்ஷினி என் அறைக்கு வந்துபோனாள். படம் வரைந்தோம், பொம்மை வைத்துக் கதை சொன்னோம். உள்ளே அந்தப் பிஞ்சுக் காது அழுகிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கு மருத்துவக் குழு ஒன்று வேனில் வந்தது. ஒரு நர்ஸ் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தர்ஷினி திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டும் திரும்பவில்லை. இத்தனை காலத்தில் நான் அவளுக்குப் பின்னால் ஒருமுறைகூட நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு காது போனது போனதுதான் என்றார்கள். இன்னொரு காதில் கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும். சீழ் வைத்த புண் எலும்பையே அரித்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம்.

தலைமையாசிரியை அமுலுவைக் கூப்பிட்டுவிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன். "ஏம்மா, பெத்த தாயி நீ. புள்ளைக்குக் காதுல சீழ் வடியறது கூடவா தெரியாது? இன்னா பொம்பள நீ!" என்று அவர் சத்தம் போட்டார். அமுலு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க மேடம்" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம்... மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது கோழைத்தனம். இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

சில வாரம் கழித்து அமுலு தனியாக என் அறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சரியாகத் தூங்குவதில்லை என்றாள். வீட்டில் மாமியார் குத்திக் குத்திப் பேசுகிறாராம். கணவன் முகம் கொடுப்பதில்லையாம். பிறகு கேட்டாள்.

"மிஸ், நான் உங்களாண்ட வந்து சொன்ன மாதிரி எனக்கு ஒரு நெனப்பு கீது. லாரி ஆரன் அடிச்சத சொன்னேன்ல? எங்க ஊட்டுக்காரு நம்ப மாட்டேன்றாரு. 'நீ சொல்லியிருந்தா அந்த மிஸ் சும்மா உட்ருப்பாங்களா'ன்றாரு. எனக்கே இப்ப டவுட்டா கீது. நான் சொன்னேனா மிஸ்?"

ஒரே ஒரு சொல் போதும். 'சொன்னீர்கள்.' அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பாள், கணவன் முன்னால் நிமிர்ந்து நின்றிருப்பாள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அமுலு, மனசு ரொம்பக் கஷ்டப்படும்போது இப்படித்தான் ஆகும். செஞ்சிருக்கலாமேன்னு நினைச்சு நினைச்சு, செஞ்ச மாதிரியே தோணும். நீங்க சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க மாட்டேனா?"

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! பயந்தவர்களைத் தேற்ற நான் படித்த அதே வார்த்தைகள். துக்கத்தில் இருப்பவர்களின் நினைவு குழம்பும் என்பது எங்கள் படிப்பில் உண்மையாகவே உண்டு. அந்த உண்மையை எடுத்து அவள் தலையில் போட்டேன்.

"அப்ப நான் சொல்லல..." என்றாள் அமுலு. அழுதாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளப் பழக வேண்டும் என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். நீங்கள் காறித் துப்பலாம்.

வேலை போய்விடும் என்று பயந்தேனா? பயந்தேன். ஆனால் அந்த நொடியில் வேலையைப்பற்றி நினைக்கவில்லை. நல்லவள் என்று அவள் என்மேல் வைத்திருந்த எண்ணம் போய்விடக் கூடாது என்றுதான் நினைத்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய தாய்மையின் மேல் கை வைத்தேன்.

தர்ஷினி இப்போது ஐந்தாம் வகுப்பு. கருவி மாட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்கிறாள். என்னைப் பார்த்தால் கையசைக்கிறாள். நானும் கையசைக்கிறேன். வேறென்ன செய்வது?

போன வாரம் அமுலு தன் இரண்டாவது பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தாள். சேர்க்கை முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தாள். குழந்தையை நடுவில் நிறுத்திவிட்டு, அதன் பின்னால் போய் நின்று கை தட்டினாள். குழந்தை திரும்பியது. இன்னும் மெல்லத் தட்டினாள். அதற்கும் திரும்பியது. விரலைச் சொடுக்கினாள். குழந்தைக்கு இது அலுத்துப்போன விளையாட்டு என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு எடத்துல டெஸ்ட்டு எடுத்துட்டேன் மிஸ். நல்லா கேக்குதுன்னுதான் சொல்றாங்க. எனக்குந்தான் தெரியுது. இருந்தாலும் பேஜாரா கீது மிஸ். சொல்லாததையே சொன்னேன்னு நெனச்சவ நானு... என் கண்ணையே என்னால நம்ப முடியல. நீங்க ஒருவாட்டி பாத்து சொல்லிடுங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட அதைவிட நல்ல தருணம் எனக்கு இனி வாய்க்கப்போவதில்லை. சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது!

நான் எழுந்து அந்தக் குழந்தையின் பின்னால் போய் நின்றேன். மெல்ல ஒருமுறை கை தட்டினேன். குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது.

"நல்லா கேக்குது அமுலு" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனாள்.