கழுகுமலைச் சாலையில் ஓர் அஸ்திவாரக் குழி

கழுகுமலை போகிற பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. இந்த ஓட்டை வண்டிக்கு டிக்கெட் வேறு. கண்டக்டரைத் திட்டித் தீர்த்துவிட்டு, நிழல் தேடி ஓரத்துக் கரட்டுச் சரிவில் ஏறுகிறேன்.

கரிசல் மண்ணில் நெடுக வெடிப்பு. ஒன்றில் என் கை முழங்கை வரை போகிறது. சரிவிலிருக்கும் வீட்டின் சுவரும் அப்படியே பிளந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு குழி. தோண்டும் பெண்ணின் தலைகூடத் தெரியவில்லை. மேலே நின்று மண்கூடையை வாங்குபவர் அவள் புருஷன்.

"கிணறா வெட்டுறீங்க?"

"வீட்டுக்கு அஸ்திவாரம், அண்ணாச்சி," என்று உள்ளிருந்து குரல் வருகிறது. "இந்த மண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மழையில கதவு இறுகுதுன்னு செதுக்குதோம், கோடையில இடைவெளி விழுதுன்னு அதுலயே மரப்பட்டை அடிக்கோம். போன மழைக்கு ஒரு சுவரு சாஞ்சுது, பிள்ளைய இழுத்துட்டு ஓடுனேன். பாறையத் தொடாம இனி வீடு கிடையாது."

"அந்த விரிசல் வழியாத்தான பக்கத்து வீட்டு டிவி பாத்தோம்," என்கிறார் புருஷன்.

"பேசாம கூடையப் பிடியும்."

வானம் கறுக்கிறது. மழை விழுந்தால் குழி சரிந்து மூடிவிடும். அவள் இன்னும் வேகமாகக் குத்துகிறாள். திடீரென்று கடப்பாரை கணீரென்கிறது. எட்டிப் பார்க்கிறேன். மண்ணைக் கையால் ஒதுக்கிவிட்டு, பாறைமேல் நின்று குதிக்கிறாள். மறுபடியும் குதிக்கிறாள்.

"ஆடல! கொஞ்சங்கூட ஆடல!"

கீழே பஸ் சரியாகிக் கிளம்பப்போவதாக ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அவள் ஏறி வந்ததும் புருஷன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கிப் பாறையை மிதித்துப் பார்க்கிறார். நானும் என் செருப்பைக் கழற்றுகிறேன்.