நெத்தலிக்குச் சோறு குழைத்த கை

குருநகர்க் கரையில் மரியரட்ணத்தின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தகப்பனோடு கடலுக்கு இறங்கியவர். சண்டையில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் கிடந்த காலத்திலும் கூலிக்கு வெங்காயம் கிண்டினாரே தவிர, ஒருத்தரிடமும் கைநீட்டவில்லை. காய்ச்சல் என்று படுத்தறியாத உடம்பு, ஐம்பத்தெட்டு வயதில், போன மாசி மாதம் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பொத்திக்கொண்டு வள்ளத்துக்குள் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உள்ளதைச் சொன்னார். நெஞ்சைத் திறக்க வேண்டும். இதயம் களைத்துப்போய்க் கிடக்கிறது. தப்பலாம், தப்பாமலும் போகலாம். செய்யாமல் விட்டால் வருசம் தாண்டாது. "வீட்டிலை கதைச்சுப்போட்டு வாங்கோ."

மரியரட்ணம் வீட்டில் கதைக்கவில்லை. "குழாய் விட்டு அடைப்பு எடுக்கிறது. நாலு நாளிலை வந்திடுவன்" என்று மனுசி யசிந்தாவிடம் சொல்லிவிட்டு, டொக்டர் எல்லாம் எழுதிக்கொடுத்த கிளினிக் கொப்பியை அலுமாரியில் தான் உடுக்கிற சாரங்களுக்கு அடியில் செருகினார். ஒரே மகள் மன்னாரில் கலியாணம் கட்டி இருக்கிறாள். தான் போய்விட்டால் யசிந்தா இந்த வீட்டில் தனிய. கேற் திறபட்டால் குரைக்கவாவது ஒரு சீவன் வேண்டாமா? பாசையூரில் சிநேகிதன் கிறிஸ்ரோபரிடம் போய் ஒரு நாய்க்குட்டி வாங்கி, மடிக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

அங்கேதான் பிழை விட்டார். குட்டி நடுங்குகிறதே என்று, ஐஸ் போடுகிற மீன்பெட்டிக்குள் தன் பழைய சாரத்தை விரித்துப் படுக்க வைத்தார். தின்னுதில்லையே என்று சூடைமீன் குழம்பு விட்டுச் சோற்றைத் தன் கையாலேயே குழைத்து, விரலில் நக்கக் கொடுத்தார்.

அடுத்தநாள் கிறிஸ்ரோபர் வந்து பார்த்தான். "டேய், முதல் சோறு ஆர் குழைச்சது?"

"நான்தான். ஏன்?"

"முடிஞ்சுது போ! மனுசிக்கெண்டு வாங்கிப்போட்டு நீ தாலி கட்டியிருக்கிறாய். குழைச்ச கையைத்தானடா நாய் தன்ரை ஆளெண்டு எடுக்கும். பார், நெத்தலி மாதிரி இருந்துகொண்டு உன்ரை காலையே சுத்துது."

குட்டிக்கு நெத்தலி என்றே பெயர் நின்றுவிட்டது. ஆனால் மரியரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பறேசனுக்கு இன்னும் பதினொரு நாள். அதற்குள் இந்தச் சீவனைத் தன்னிலிருந்து கழற்றி யசிந்தாவில் ஒட்டவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தேடிக் கேற்றடியில் பட்டினி கிடந்து அதுவும் சாகும். யசிந்தா இரண்டு சாவு பார்க்க வேண்டிவரும்.

அன்றிலிருந்து குட்டியை அவர் தொடவில்லை. காலடிக்கு வந்தால், "போ அங்காலை!" பெட்டிக்குள் இருந்த சாரத்தை எடுத்துவிட்டு யசிந்தாவின் பழைய சட்டையை விரித்தார்.

"சோத்தை நீ குழைச்சு வையன்."

"ஓம், நாய்ச்சோறு குழைக்கிறதுதான் எனக்குக் குறைச்சல். முப்பது வரியமா உங்கடை மீன்நாத்தத்தோடை கிடந்து உத்தரிக்கிறது காணாதே?"

அகப்பையால் சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிடுவாள். கை படாது. நெத்தலி மோந்து பார்த்துவிட்டு, அவர் இருக்கிற கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். வயிறு ஒட்டிக்கொண்டு வந்தது.

பின்னேரம் பார்த்தால் பெட்டிக்குள் திரும்பவும் அவருடைய சாரம். குட்டிதான் இழுத்து வந்திருக்கும் என்று நினைத்தார். சாரத்தை அலுமாரியில் வைத்துச் சாத்தினார். அடுத்தநாளும் சாரம். நெத்தலிக்கு அலுமாரி திறக்கத் தெரியுமா?

எட்டாம் நாள் கடற்கரைக்கு வெளிக்கிட்டவர், தொப்பியை மறந்து திரும்பி வந்தார். பெட்டியடியில் யசிந்தா குந்தியிருந்தாள். தன்னுடைய சட்டையை உருவி எறிந்துவிட்டு அவருடைய சாரத்தை விரித்தாள். "உதிலைதான் நீ படுக்கவேணும். விளங்கிச்சோ?" என்று குட்டியோடு கதைத்தாள்.

"எடியே, என்ன வேலை பாக்கிறாய்?"

அவள் திடுக்கிடவில்லை. "கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்ச் சாரத்துக்குக் கீழை வைச்சால், சாரம் தோய்ச்சு அடுக்கிறவளுக்குத் தெரியாதோ?"

மரியரட்ணம் அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கொரு காவலை வைச்சுப்போட்டு நீங்கள் நிம்மதியாப் போகப் பாக்கிறியள். நான் இதைப் பழக்கமாட்டன். இது உங்கடை நாய். நீங்கள்தான் வந்து பாக்கவேணும்."

"வராட்டில்?"

"வாயைப் பொத்துங்கோ!"

கரை முழுக்கக் கேட்கத் திட்டுகிற மனுசன் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேற்றைத் தாண்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலை, ஓட்டோ வந்து நின்றது. உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்துக் காற்சட்டை மாட்டினார். சாரத்தை வாளிக்குள் போடப்போன கையிலிருந்து யசிந்தா பறித்தாள். மூன்று நாள் உடுத்தது, வியர்வையும் மீனும் மணக்கிறது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். குசினிக்குள் போய்ச் சோறும் குழம்பும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"குழைச்சுப்போட்டுப் போங்கோ."

"ஓட்டோக்காரன் நிக்கிறான்."

"நிக்கட்டும்."

மரியரட்ணம் நிலத்தில் குந்திக் குழைத்தார். நெத்தலி தட்டைத் துடைத்துவிட்டு, அவருடைய விரல் இடுக்குகளையும் நக்கியது. இன்றையப் பாடு சரி. நாளைக்கு ஆர் குழைக்கிறது என்று கேட்க நிமிர்ந்தார்.

யசிந்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.