மலைக்குத் தண்ணீர் கொண்டுபோன மாமா

லாரியில் தண்ணீர் உட்கார்ந்து போக, குடும்பம் பின்னால் நடந்து போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். வரிசையாக நீல ட்ரம்கள், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனுஷிகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து மலையேறிப் போயின. கூடவே ஒரு கிடா. அதற்குப் பின்னால் புகையைத் தின்றுகொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் சொந்தம் மொத்தமும்.

எனக்குக் காது குத்தத்தான் அந்தப் பயணம். அப்போது ஒன்றாம் வகுப்பு. எங்கள் குலசாமி இருந்தது மலைமேல். ஆம்பூரிலிருந்து மாதனூர் வழியாக ஒடுகத்தூர் போய், அங்கிருந்து ஏற வேண்டும். மேலே கரண்ட் கிடையாது, கடை கிடையாது, தலைக்கு ஒரு கூரை கிடையாது. மூன்று நாளும் லாரிதான் வீடு என்று பேசி முடித்திருந்தார்கள். தார்ப்பாய் கட்டிய மேல்தளம் பெண்களுக்கு. அடியில் சக்கரங்களுக்கு நடுவே ஆண்களுக்கு. பக்கத்தில் கல் அடுப்பு.

லாரி மாமாவுடையது. அம்மாவின் தம்பி. உப்புத் தடவி அடுக்கிய ஆட்டுத்தோலை மண்டியிலிருந்து தோல் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப்போகிற வண்டி அது. பயணத்துக்கு முந்தைய நாள் முழுக்க மாமா அதைக் கழுவினார். பினாயில் ஊற்றினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார், ஊதுவத்தி கொளுத்தினார். வாடை சுத்தமாகப் போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் மூக்கை நீட்டிப் பார்த்து ஒரே முடிவாகச் சொன்னோம். கிடா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பலகையில் காலை வைத்தது, ஒரு தடவை மோந்தது, அப்படியே தெருமுனை வரைக்கும் ஓடியது. அதைப் பிடித்து ஏற்ற நான்கு ஆண்கள் வேண்டியிருந்தது. அதன் கண்ணில் இருந்தது பயமா, எங்கள் மூக்கைப் பற்றிய ஏளனமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாமாவுக்குக் கிடாவைப் பற்றிக் கவலை இல்லை. தண்ணீரைப் பற்றித்தான் கவலை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. என் அண்ணனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறையில் பந்திக்குத் தண்ணீர் ஏற்பாடு அவர் பொறுப்பு. பாதிப் பந்தியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கறிக்குழம்புக் கையோடு சனம் வரிசையில் நிற்க, மாமாவுக்கு மூளை கலங்கிப்போய், அண்டாவில் இருந்த மோரை மொண்டு அவர்கள் கையில் ஊற்றிவிட்டார். அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்று வைத்த பெயர்தான் மோர் மாமன். அத்தை வைக்கிற பெயர்கள் பிறந்த பெயரைவிடக் கெட்டியாக ஒட்டும். அணைக்கட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில், காபி கொடுப்பதற்கு முன்பே, "அந்த மோர் ஊத்துனது நீங்கதானா?" என்று கேட்டார்களாம். காபிக்குப் பதில் மோர் வந்ததாகவும் ஒரு பேச்சு. அதை மாமா கடைசிவரை மறுத்தார்.

இந்த முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அத்தை வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் கல்யாணமான புதுசுல போயிருக்கேன். மலையில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. வாய் நனைக்க வழியில்லாம வந்தோம். இந்த வாட்டி உன் தம்பி இன்னா ஊத்துறான்னு பாக்கலாம். மோரா, தயிரா?"

அம்மா முகம் சுருங்கியது. மாமா போனார், ட்ரம்களோடு வந்தார்.

எங்கள் தெருக் கிணற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் எங்கள் தெருவில்தான் என்று பேர். மற்ற தெருக்களில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, துணி காய்ந்தால் வெள்ளை பூக்கும். எங்கள் தெருவில் பருப்பு சாயந்திரத்துக்குள் வெந்துவிடும். அடுத்த தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள், நாங்கள் ஜமீன்தார்கள் மாதிரி நகர்ந்து வழிவிடுவோம். அந்தத் தண்ணீரைத்தான் மாமா ட்ரம் ட்ரம்மாக நிரப்பினார், தளும்பத் தளும்ப. ஒவ்வொன்றிலும் ஒரு வேப்பங்கொத்து போட்டு, வாயைத் துணியால் மூடி, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினார்.

"ஏன் மச்சான் இவ்ளோ ஜாஸ்தி? கொஞ்சம் கொறச்சுக்கயேன்" என்றார் அப்பா.

"அரை ட்ரம்னா தண்ணி ஆடும் மாமா. தண்ணி ஆடுனா வண்டி ஆடும். முழுசா இருந்தா கம்முனு ஒக்காந்திருக்கும்."

அது உண்மைதான். ஆனால் வண்டி ஏற வேண்டுமே. மலைப்பாதையின் முதல் வளைவில் லாரி இருமியது. அடுத்த வளைவில் நின்றேவிட்டது. நின்றதோடு இல்லாமல், யோசித்துப் பார்த்துப் பின்னால் வழுக்கியது. உள்ளே அத்தை எல்லாச் சாமிகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். மாமா குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"ரெண்டு ட்ரம்மக் கவுத்துடு மச்சான்" என்றார் அப்பா.

"தண்ணி எறங்காது மாமா. ஜனங்க எறங்கட்டும்."

"இன்னாடா சொல்ற?"

"எல்லாரும் எறங்கி நடங்க."

அப்படித்தான் நடந்தோம். கிடாவை இறக்கினால் மறுபடி ஏற்ற முடியாது என்பதால் அது மட்டும் ட்ரம்களோடு மேலேயே இருந்தது. வளைவுக்கு வளைவு எங்களைத் திரும்பிப் பார்த்தது. பாதி தூரம் நடந்தேன், மீதி தூரம் அப்பாவின் தோளில். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினாள். திட்டுவதற்கென்றே தனியாக ஒரு மூச்சு வைத்திருப்பவள் அவள். "மோர் மாமன் போயி இப்ப மோட்டார் மாமன் ஆய்ட்டான். பொம்பளைங்க நடக்கிறோம், தண்ணி சொகுசா போவுது பாரு!"

கோயிலை அடைந்தபோது லாரி முன்னதாகவே வந்து நின்றிருந்தது. மாமா ட்ரம் மீது கை வைத்தபடி அசையாமல் நின்றார். ஏன் என்று பார்த்தால், ஒரு சத்தம். சலசலவென்று, யாரோ நிறுத்தாமல் ரகசியம் பேசுகிற மாதிரி. கோயிலுக்குப் பின்னால் பாறையிடுக்கில் சுனை வழிந்து, ஓடையாகி, லாரியின் டயரையே நனைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை முன்பு வந்தது பஞ்ச காலம். இந்த வருஷம் நல்ல மழை.

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மலைக்கே தண்ணி கொண்டாந்த மகராசன்!" மாமாவின் அடுத்த பெயர் அங்கேயே பிறந்துகொண்டிருந்தது. அம்மா எங்கோ பார்த்தாள். மாமாவின் காது சிவந்திருந்தது, குத்தப்போவது என்னவோ அவருக்குத்தான் என்பதுபோல.

மாமா விடவில்லை. ஒரு ட்ரம்மை அவிழ்த்து, சொம்பில் மொண்டு, மலைக்காரப் பூசாரியிடம் நீட்டினார். "முதல்ல நீங்க குடிங்க சாமி. எங்க தெருத் தண்ணி. எங்க ஊர்லயே இதான் நல்ல தண்ணி."

பூசாரி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினார். அதை விழுங்கவில்லை. திரும்பிப் பாறையில் துப்பிவிட்டு, லாரிப் பக்கம் ஒரு தடவை மோந்து, ரொம்பப் பணிவாக, "உப்புத் தோல் ஏத்துற வண்டிங்களே, உள்ள உப்பு எறங்கிருக்குமோ?" என்றார்.

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொம்பைப் பிடுங்கிக் குடித்தார். யோசித்தார். மறுபடி குடித்தார். "நல்லாத்தானே இருக்கு!"

அப்பா குடித்தார். "நல்லாத்தான் இருக்கு."

அம்மா குடித்தாள். அண்ணன் குடித்தான். கடைசியில் அத்தை எழுந்து வந்து சொம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள். இனிமேல் மாமா தப்பிக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் திரும்பியது பூசாரி பக்கம்.

"இன்னாய்யா கொறை எங்க தண்ணிக்கு? இதுக்கு ஊரே எங்க தெருவுல குடத்தோட நிக்குது. பையன் மலை மேல தூக்கியாந்து குடுக்குறான், துப்புறியே!"

மாமா அத்தையைப் பார்த்த பார்வையை வரைந்து வைத்திருக்கலாம்.

பூசாரி சுனைக்குப் போய் ஒரு சொம்பு மொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். அவள் குடித்தாள். நிறுத்தினாள். மீண்டும் கொஞ்சம் குடித்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் சொம்பை அப்பாவிடம் கொடுத்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சொம்பு கை மாறிக்கொண்டே வந்தது. என்னிடமும் வந்தது. ஒரு வாய் குடித்தேன். வாயில் ஒன்றுமே இல்லை. காற்றைக் குடித்த மாதிரி இருந்தது.

"சீ, சப்புன்னு இருக்கு. எனக்கு நம்ம தண்ணிதான் வேணும்" என்றேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாமா மடியில் வைத்து மொட்டையடித்து, காது குத்தினார்கள். நான் கத்திய கத்தலில் ஓடையே ஒரு கணம் நின்றிருக்கும். என்னை அடக்க மாமா ஊட்டியது ட்ரம் தண்ணீர்தான். மற்றபடி அதை யாரும் தொடவில்லை. பருப்பைச் சுனைத் தண்ணீரில் போட்டார்கள். குழம்பு கொதிப்பதற்குள் அது கரைந்துபோய்விட, அத்தை கரண்டியை வைத்துத் துழாவி, "பருப்பு எங்கடி?" என்று அம்மாவைச் சந்தேகப்பட்டாள்.

கிளம்பும் நாளில் மாமா எங்கள் கிணற்றை மலையில் கவிழ்த்துக் கொட்டினார். எல்லா ட்ரம்மிலும் சுனையை நிரப்பினார், தளும்பத் தளும்ப. இறங்கும்போது நடக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். அதற்கு முன்பே அத்தை ஏறி, ஒரு ட்ரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மெதுவா ஓட்டுப்பா மாப்ள, தண்ணி இருக்கு" என்றாள். மாப்ள! மாமா ஒவ்வொரு வளைவிலும் தொட்டிலை ஆட்டுகிறவர்போல வண்டியைத் திருப்பினார்.

தெருவே சொம்போடு வந்தது. கோயில் தீர்த்தம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம். குடித்தவர்கள் எங்கள் கிணற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் பேஜாராக இருந்தது. வீட்டுப் பானையிலும் அந்தச் சப்பைத் தண்ணீரையே ஊற்றிவிட்டாள் அம்மா, பிள்ளைகள் நல்லதாகக் குடிக்கட்டும் என்று.

அடுத்த நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது தாகம். அடுக்களையில் யாரும் இல்லை. டம்ளரில் மொண்டேன், உப்பு ஜாடியில் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன், விரலால் கலக்கிக் குடித்தேன். அப்பாடா, நம்ம தண்ணீர். நிமிர்ந்தால் வாசற்படியில் அப்பா. தொழிற்சாலைக்குப் போகிற சட்டையில், நாளெல்லாம் உப்புத் தோலை ஊறவைத்து அலசி, அலசிய தண்ணீரை ஊர் வாய்க்காலில் திறந்துவிடுகிற கைகள் இரண்டும் தொங்க, நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உப்பை வீணாக்கினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும்.

"இப்ப நல்லாருக்குப்பா" என்று டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். அதற்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மொட்டைத் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டு, சைக்கிளைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

அடி விழாமல் தப்பித்தேன் என்றுதான் நான் நினைத்தேன்.